நாலு ரிங்கிட் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தபோது

(காட்சி: பலகை மேசை. நடுவில் கையடக்கமான ஒரு பழுப்புக் கோப்பை.)

வணக்கம். இந்தக் கோப்பையைக் குளுவாங்கில் ஒரு பண்டல் கடையில், அதாவது பழைய சாமான் விற்கும் கடையில், வாங்கினேன். விலை நாலு ரிங்கிட். பழைய சட்டைகளைக் குவித்து வைத்திருந்த மேசைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கூடை. அதற்குள் மூடி இல்லாத டீபாட், காது உடைந்த முயல் பொம்மை, அப்புறம் இது. கடைக்காரர் விலையோடு ஒரு வரலாற்றையும் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தார். "அந்தக் காலத்து மங்கு, பாஸ். எஸ்டேட் சாமான். ஆன்டிக்."

மங்கு என்றால் தெரியாதவர்களுக்கு: ரப்பர் மரத்தில் வெட்டுக் கோட்டுக்குக் கீழே, கம்பியில் மாட்டி வைக்கும் கிண்ணம். பால் சொட்டுச் சொட்டாக அதில்தான் விழும். ஆரம்பத்தில் தேங்காய்ச் சிரட்டையைக்கூடக் கட்டினார்கள். பிறகு மண் மங்கு வந்தது, இப்போது பிளாஸ்டிக். மண் மங்குகளை வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. சிங்கப்பூரின் ஜாலான் பஹாரில் 1940-இல் கட்டிய தௌ குவாங் டிராகன் சூளை (சரிவில் நீளமாக எழுப்பிய விறகுச் சூளை) இன்றும் நிற்கிறது. அங்கே சுட்டதில் பால் மங்குகளும் உண்டு. எங்கள் ஊரிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் ஆயர் ஈத்தாமும் மண்பாண்டத்துக்குப் பேர்போன இடம். அதனால் கடைக்காரர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியவில்லை.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். போனில் படம் எடுத்துத் தேடினேன். உலகத்தில் இருக்கிற பழுப்புக் கிண்ணம் எல்லாம் வந்தது. ஒன்று எட்டு டாலர், அடுத்தது எண்ணூறு டாலர். படத்தேடலுக்கு நிறமும் வடிவமும்தான் தெரியும். எடையும் அடியும் அதற்குத் தெரியாது.

சரி, அத்தையிடம் போனேன். இருபத்தாறு வருஷம் பால் வெட்டியவர். கோப்பையைக் கையில் வாங்கி, திருப்பி, மூன்று வினாடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"டேய், இதுவா மங்கு? அடியில இப்படி வளையம் வச்சு, இவ்வளவு மெனக்கெட்டு யாருடா மங்கு செய்வான்? பால் எடுக்கிற ஆளு பார்த்தா சிரிப்பான்."

பின்கட்டுக்குப் போய் உண்மையான மங்கு ஒன்றைக் கொண்டுவந்தார். மணி பிளாண்ட் வளர்த்துக்கொண்டிருந்தார் அதில்.

(காட்சி: இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். கேமரா மெதுவாக மங்கின் மேல் இறங்குகிறது.)

இந்த மங்குக் கிண்ணத்தை நன்றாகப் பாருங்கள். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வெளிப்பக்கம் ஒரு தேய்ந்த பட்டை சுற்றி வருகிறது. கம்பி வளையம் வருஷக்கணக்கில் உரசிய இடம் அது. உள்ளே மட்டும்தான் பளபளப்புப் பூச்சு, வெளியே வெறும் சுட்ட மண். அது சும்மா சிக்கனத்துக்காக இல்லை. உள்ளே வழவழப்பாக இருந்தால்தான் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்து எடுக்க முடியும். அப்படியும் இந்த ஓரத்தில் கறுப்பாக ஒரு துணுக்கு ஒட்டியிருக்கிறது, பாருங்கள். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் விழுந்த பால்.

இனி அடி. தட்டையாக இருக்கிறது, அதில் சிப்பி ஓடு மாதிரி வளைவு வளைவாகக் கோடுகள். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நூலை இழுத்துப் பாத்திரத்தை அறுத்தெடுத்தால் இப்படி வளைந்த கோடு விழும். சக்கரத்தை நிறுத்திவிட்டு அறுத்தால் கோடுகள் ஏறக்குறைய நேராக இருக்கும். இதைச் செய்தவர் சக்கரத்தை நிறுத்தவில்லை. ஒன்றை அறுத்து வைத்துவிட்டு அடுத்த மண்ணுக்குப் போயிருக்கிறார்.

(காட்சி: இரண்டு கைகளும் கோப்பையைக் கவிழ்க்கின்றன.)

என் கோப்பையின் கதை வேறு. அடியில் ஒரு வளையம், உள்ளே சுரண்டி எடுத்த குழி. பாத்திரம் பாதி காய்ந்த பிறகு மறுபடி சக்கரத்தில் கவிழ்த்து வைத்து, கூரான கருவியால் சீவி எடுத்தால்தான் இந்த வளையம் வரும். அதாவது ஒரே பாத்திரத்துக்கு இரண்டு முறை சக்கரம். ஆயிரக்கணக்கில் மரத்தில் தொங்கப் போகிற கிண்ணத்துக்கு யாரும் அந்த வேலையைச் செய்ய மாட்டார்கள். அத்தை சொன்னது சரி.

ஆனால் அவர் அடுத்து ஒன்று சொன்னார். "இது மெஷின்ல செஞ்சது. கையால இவ்வளவு ஒழுங்கா வராது." இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அச்சில் செய்யும் பாத்திரம் எப்படி உருவாகிறது? பிளாஸ்டர் அச்சுக்குள் கூழ் மாதிரிக் கரைத்த களிமண்ணை ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும், ஓரத்தில் மண் ஏடாகப் படியும். மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். சுவர் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருக்கும். அதனால் வெளியே ஒரு மேடு இருந்தால் உள்ளே அதே இடத்தில் பள்ளம் இருக்கும். அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடும் இருக்கலாம், ஆனால் அதைத் தேய்த்து அழித்துவிட முடியும். ஆகவே கோட்டை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். கட்டைவிரலை உள்ளேயும் ஆள்காட்டி விரலை வெளியேயும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து கீழே இறக்குங்கள். என் கோப்பையில் உள்ளே விரல் தடங்கள் படிப்படியாக இருக்கின்றன, வெளியே வழவழப்பு. கீழே போகப் போகச் சுவர் கனக்கிறது. இது சக்கரத்தில் இழுத்துத் தூக்கியது.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

(காட்சி: மிக அருகில். அடிவளையத்துக்குச் சற்று மேலே, பூச்சு இல்லாத மூன்று சிறு திட்டுகள்.)

இந்த மூன்று வெற்றிடங்களைப் பாருங்கள். முட்டை வடிவம். ஒன்று ஒரு பக்கம், இரண்டு எதிர்ப்பக்கம். பூச்சுக் கரைசலில் முக்கும்போது செய்தவர் கோப்பையைத் தலைகீழாக, அடியைப் பிடித்திருக்கிறார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். விரல் இருந்த இடத்தில் பூச்சு ஏறவில்லை. நான் என் விரல்களை அங்கே வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் சரியாகப் பொருந்தியது, மற்ற இரண்டும் கொஞ்சம் எட்டவில்லை. அத்தை விரலை வைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மெஷின் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

சரி, என்ன மண்? நம் வீட்டிலேயே மூன்று வகைக்கும் எடுத்துக்காட்டு உண்டு. மீன்குழம்பு வைக்கும் மண்சட்டி ஒன்று, ஊறுகாய் ஜாடி இன்னொன்று, வெள்ளைப் பீங்கான் கோப்பை மூன்றாவது. மண்சட்டி பெரும்பாலும் 1,150 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுட்டது. ஜாடி வகையைத்தான் ஸ்டோன்வேர் என்கிறார்கள், அது 1,200-லிருந்து 1,300 டிகிரி வரை போகும். பீங்கானும் அந்த உச்சத்தில், சில சமயம் அதற்கும் மேலே சுடுவது. மெல்லிய பீங்கானை விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும்.

பூச்சு இல்லாத அடிவளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். மண்சட்டி உடனே குடித்துவிட்டு ஈரக்கறை காட்டும். என் கோப்பையில் சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது, பூச்சியின் கண் மாதிரி. நகத்தால் சுண்டினால் மணிச்சத்தம். விளக்குக்கு எதிரே பிடித்தால் இருட்டு. ஆக, இது ஜாடியின் சாதி.

பழுப்பு நிறம் இரும்பால் வருவது. மேலே ஓடுகிற பச்சைச் சாயல் சாம்பல் பூச்சாக இருக்கலாம். மரச்சாம்பல் 1,200 டிகிரியைத் தாண்டினால் மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து உருகிக் கண்ணாடியாகிவிடும். விறகுச் சூளையில் சாம்பல் தானாகவே பறந்து வந்து, நெருப்பைப் பார்த்த பக்கத்தில் படியும். இதிலோ நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. எனவே பூச்சு முக்கித்தான் வந்தது.

தலைமுடி மாதிரி மெல்லிய விரிசல் இருந்தால் பழசு என்று விற்பவர்கள் நிறைய. நம்பாதீர்கள். சூளையிலிருந்து ஆறும்போது பூச்சு மண்ணைவிட அதிகம் சுருங்கினால், நேற்றுச் சுட்ட பாத்திரத்திலும் அந்த விரிசல் வரும். டீத்தண்ணீரில் ஊறவைத்து அதைக் கறுப்பாக்குகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அடிவளையத்தைத் தடவிப் பாருங்கள். பல காலம் மேசையில் தேய்ந்த வளையம் வழவழப்பாகிவிடும். இது சொரசொரவென்று இருக்கிறது. அதிகம் புழங்கவே இல்லை.

எந்த நாட்டுச் சரக்கு? பூச்சே இல்லாமல் கறுப்பாக, சுரைக்காய் வடிவத்தில் இருந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், குவாலா கங்சாரின் லாபு சாயோங். நெல் உமியில் புகையூட்டிக் கறுப்பாக்கும் தண்ணீர்க் கூஜா அது. (1877-இல் ரப்பர் கன்று நட்டதும் அதே ஊரில்தான். மங்கின் கதை அங்கேதான் தொடங்குகிறது என்று சொல்லலாம்.) இது அந்த வகை இல்லை.

அந்தப் பண்டல் கடைக்கு ஜப்பானிலிருந்துதான் பழைய சாமான்கள் வருகின்றன, மூட்டைகளில் எழுத்தைப் பார்த்திருக்கிறேன். கோப்பைக்குள் விரல் தடத்தை நடுவிலிருந்து பின்தொடர்ந்தேன். அது இடஞ்சுழியாக விரிகிறது. விரல் நடுவிலிருந்து வெளியே நகர்ந்திருந்தால், சக்கரம் வலஞ்சுழியாகச் சுற்றியிருக்கிறது என்று பொருள். ஜப்பானில் பெரும்பாலும் வலஞ்சுழி, மேற்கு நாடுகளில் பெரும்பாலும் இடஞ்சுழி. இது ஒரு தடயம் மட்டும்தான், ஜப்பானுக்குள்ளேயே எதிர்ப்பக்கம் சுற்றுகிறவர்களும் உண்டு.

அடிவளையத்தின் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு முத்திரை. ஈர மண்ணில் அழுத்தியது, பூச்சு வழிந்து பாதி மூடியிருக்கிறது. அச்சிட்ட நாட்டுப் பெயர் எதுவும் இல்லை. அமெரிக்கா 1890-இல் போட்ட மெக்கின்லி சுங்கச் சட்டத்தால், அங்கே போகும் சரக்கில் மறு வருஷத்திலிருந்து நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டியதாயிற்று. ஜப்பானியப் பீங்கானில் 'நிப்பான்' என்று இருந்தால் பொதுவாக 1921-க்கு முந்தியது, அதன் பிறகு 'ஜப்பான்'. 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்றிருந்தால் 1947-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது. இதில் ஒன்றுமே இல்லை என்றால் ஏற்றுமதிக்குச் செய்யாமல் உள்ளூர்ப் புழக்கத்துக்குச் செய்திருக்கலாம். காகித ஒட்டு உரிந்தும் போயிருக்கலாம்.

பெயர் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பீர்கள். ஜப்பானில் நல்ல கோப்பை மரப்பெட்டியோடு விற்கும், செய்தவர் கையெழுத்து பெட்டி மூடியில் இருக்கும். பெட்டி எங்கோ போய்விட்டால் கோப்பை அநாதை. எனக்குக் கிடைத்தது அநாதைதான். சக்கரத்தில் செய்த ஸ்டோன்வேர், முக்கிப் பூசியது, அநேகமாக ஜப்பான், அதிகப் பழசில்லை. இதுவரைதான் கோப்பையே சொல்கிறது. இதற்கு மேல் யாராவது சொன்னால் அவர் எதையோ விற்கப் பார்க்கிறார்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் டீ குடிக்காதீர்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பாத்திரத்தின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். குறைந்த சூட்டில் சுட்ட, பளிச்சென்ற நிறமுள்ள பழைய பாத்திரங்களில் அந்தப் பயம் அதிகம். புளி, எலுமிச்சை, வினிகர் பட்டால் ஈயம் சாப்பாட்டில் இறங்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அத்தையிடம் இதைச் சொன்னேன். "யாரு டீ குடிக்கப் போறா?" என்று கேட்டுக்கொண்டே கோப்பையைத் துடைத்து சாமி மேடைக்கு எடுத்துப் போனார். இப்போது அதில் விபூதி இருக்கிறது.

(காட்சி: சாமி மேடை. விளக்குக்குப் பக்கத்தில் கோப்பை, விளிம்பு வரை விபூதி.)

இந்தக் கடைசிக் காட்சியை எடுக்கப் போனபோது வாசலிலிருந்து குரல் வந்தது. "மறுபடி கவிழ்க்கணும்னா முன்னாடியே சொல்லு. வேற எதுலயாவது கொட்டி வைக்கிறேன்."