கண்ணாடிப் பெட்டிக்கு அருகே ஒரு தாலாட்டு

நேயர்களுக்கு வணக்கம். பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் என்ற முறையில், குறைமாதக் குழந்தைகளுக்குச் செய்யப்படும் இசைச் சிகிச்சையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பவை குறைமாதக் குழந்தைகள். ஏறத்தாழ 25 வாரத்திலேயே காது கேட்கத் தொடங்கிவிடுவதால், தாயின் நெஞ்சுத் துடிப்பையும் குரலையும் கேட்டுக் கிடந்த அந்த உயிர், பிறந்ததும் வென்டிலேட்டரின் இரைச்சலுக்கும் மானிட்டரின் எச்சரிக்கை மணிக்கும் நடுவே வந்து சேர்கிறது. இந்தப் பிரிவில் ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம். குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியான இன்குபேட்டரின் கதவைப் பட்டென்று அடைத்தாலே அந்த அளவு மீறிவிடும். ஆகவே, முதலில் அமைதி, அதன் பிறகுதான் பாட்டு.

அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளிடம் இசைச் சிகிச்சையாளர் ஜோவன் லோவியின் குழுவினர் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் தங்கள் மனத்துக்கு நெருக்கமான பாட்டைச் சொல்ல, அதையே தாலாட்டின் நடைக்கு மாற்றி, குழந்தையின் மூச்சுக்கு ஏற்ப நேரில் பாடினார்கள். இதயத் துடிப்பு தணிந்தது. பெற்றோரின் மனப்பதற்றமும் குறைந்தது. மருந்துக்கு மாற்றாக இதை யாரும் சொல்லவில்லை.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து பேரனைப் பார்க்க வந்த ஓர் ஆயாவை நினைத்துக்கொள்கிறேன். பெட்டிக்குள் வைக்கச் சொல்லி, பாட்டு ஓடும் செல்பேசியை என்னிடம் நீட்டினார். "செல்பேசி வேண்டாம், ஆச்சி. நீங்களே பாடுங்கள்" என்றேன். "கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடக்குற பிள்ளைக்கு நான் பாடுறது கேக்குமா?" என்றார். கையைக் கழுவிவிட்டு, பெட்டியின் பக்கவாட்டுத் துளை வழியாக உள்ளங்கையைக் குழந்தையின் தலையில் அசைக்காமல் வைத்து, முதலில் வெறுமனே முனகினார். பிறகு "ஆராரோ, ஆரிரரோ" என்று இழுத்தார். சுருங்கியிருந்த புருவம் மெல்ல விரிந்ததை அவரே முதலில் கண்டு சொன்னார்.

பாடும்போது குழந்தையைப் பார்த்துக்கொண்டே பாட வேண்டும். விரல்களை விறைப்பாக விரித்தாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, விக்கல் எடுத்தாலோ, மானிட்டரில் ஆக்சிஜன் அளவு இறங்கினாலோ உடனே நிறுத்திவிடுங்கள். போதும் என்று அது தன் மொழியில் சொல்கிறது. ஒரு நேரத்தில் ஒரே குரல், பேச்சொலியை விடத் தாழ்ந்து, சில நிமிடங்கள்.

நம் செட்டிநாட்டுத் தாலாட்டு நீளமானது. மாமன் கொண்டுவரும் சீரும், கொண்டுவிற்கக் கப்பலேறிப் போன ஐயாவும் வருகிற அடிகளையெல்லாம் பிள்ளை வீட்டுக்கு வந்தபின் வீட்டு முற்றமான வளவில் தொட்டில் கட்டிப் பாடிக்கொள்ளலாம். இப்போதைக்கு அந்த ஆராரோ மட்டும் போதும், ஆச்சி.