ஆக்கர் கடை இரும்பும் அடுக்களைப் பிச்சாத்தியும்

நேயர்களுக்கு வணக்கம். குலசேகரம் முதல் களியக்காவிளை வரை எந்த வீட்டு அடுக்களையிலும் ஒரு வெட்டோத்தியும் (வெட்டுக்கத்தி) ரெண்டு பிச்சாத்தியும் (சிறு கத்தி) இருக்கும். அவற்றில் பல, ஒரு காலத்தில் லாரிக்கு அடியில் பாரம் தாங்கிய கமான் பட்டைகள், அதாவது வில் போல வளைந்த ஸ்பிரிங் பட்டைகள். பழைய இரும்பில் தானே கத்தி செய்து பார்க்க இப்போது பையன்களுக்கு ஆசை. செய்யட்டும். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் உலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இரும்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பாதிக் கத்தி, பழைய இரும்பு விற்கும் ஆக்கர் கடையிலேயே முடிந்துவிடுகிறது.

கார்பன்தான் விஷயம். ஜன்னல் கம்பி, கேட் பட்டை போன்றவற்றில் அது சுமார் 0.2 சதவீதம். விடிய விடிய அடித்தாலும் அதில் கூர் நிற்காது. கமான் பட்டையில் 0.5 முதல் 0.6 வரை. பேரிங்கில் ஏறக்குறைய 1. நல்ல அரத்தில் அதற்கும் மேல். கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே துருதான். கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பாருங்கள், கண்ணாடி மாட்டிக்கொண்டு. சாதா இரும்பில் பொறி நீளக் கோடாக ஓடி அணையும். கார்பன் கூடினால் நுனியில் மத்தாப்பு மாதிரி கிளை கிளையாக வெடிக்கும். பக்கத்தில் ஒரு பழைய அரத்தை வைத்து, அதன் பொறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஒப்பிடுதலை விடவே கூடாது.

கமான் பட்டை என்றவுடன் ஒரு ஆசாரி ஞாபகம் வருகிறார். திருவட்டாறு பக்கம் பட்டறை. நான் கொண்டுபோன பட்டையைத் தூக்கிச் சுண்டினார், காதருகே வைத்துக் கேட்டார். "சாரே, உள்ள கீறல் கெடக்கும், பாப்பமா?" என்றார். துருவை உரசி எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் பூசி, கொஞ்ச நேரம் ஊறவிட்டார். பிறகு துணியால் சுத்தமாகத் துடைத்து, சுண்ணாம்புப் பொடியைத் தூவினார். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். நடு போல்ட் ஓட்டையிலிருந்து வெள்ளைப் பொடியில் முடி கனத்தில் ஒரு ஈரக் கோடு மெல்ல ஊறி வந்தது! உள்ளே புகுந்த எண்ணெய் வெளியே கசிகிறது, அவ்வளவுதான். ஒரு காலத்தில் ரயில்வே பணிமனைகளிலும் அச்சுகளில் விரிசல் தேட இதே முறைதான். வருஷக்கணக்காக வளைந்து நிமிர்ந்த பட்டையில் இப்படி விரிசல் விழும். பழுக்கக் காய்ச்சி முக்கிப் பதம் வைக்கும்போது அது பிளந்துகொள்ளும். ஓட்டையைச் சுற்றியுள்ள துண்டை வெட்டிப் போட்டுவிட்டு, மிச்சத்தையும் அதேபோல் சோதித்த பிறகுதான் ஆசாரி உலையை ஊதச் சொன்னார். சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும், மறந்துவிடாதீர்கள்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப், ஜி.ஐ. தகடு எதையும் உலையில் போடாதீர்கள். துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும். மூடிய ஷாக் அப்சார்பரைத் தீயில் காட்டினால் வெடிக்கும். ஆக்கர் கடைக்காரர் ஓசியாகவே கொடுத்தாலும் வேண்டாம்.

பதம் வைப்பதை விரிவாகச் சொல்ல நினைத்தேன், ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். செந்தழலாகி, காந்தம் ஒட்டாமல் போனபின் இன்னும் கொஞ்சம் சூடேற்றி, கமான் பட்டையை எண்ணெயில் முக்குங்கள், தண்ணீரில் வேண்டாம். அலகில் அரத்தை உரசிப் பாருங்கள், வழுக்கினால் இரும்பு விறைத்துவிட்டது. அப்படியே விட்டால் கண்ணாடிபோல் உடையும், எனவே சுமார் 200 டிகிரியில் ஒரு மணி நேரம், வைக்கோல் நிறம் வரும்வரை, மறுபடி சூடு காட்டுங்கள். பிடிக்குப் புளி மரம், அரக்கு ஊற்றி இறுக்கலாம். மீனும் வாளன்புளியும் பட்டால் கறுக்கும், அலகைத் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். வணக்கம்.