கட்டுப் பிரிக்கும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அறுவை செய்யும் டாக்டர் இல்லை. பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் பல வருஷமாகக் கட்டுப் பிரிக்கிற நர்ஸ். டாக்டர் தைத்து முடித்துவிட்டுப் போய்விடுவார். சில நாள் கழித்து அந்தப் பஞ்சையும் பிளாஸ்திரியையும் மெல்ல உரித்து, தையல் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்ப்பது என்னைப் போன்றவர்கள்தான். மார்பக அறுவை செய்துகொண்டவர்களில் சிலர் அப்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். சிலர் மார்பைப் பார்க்கவே மாட்டார்கள், என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். என் புருவம் லேசாகச் சுருங்கினால் போதும், அவர்களுக்குப் படபடப்பு வந்துவிடும். அதனால் எதைப் பார்த்தாலும் முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். வீட்டிலும் சில சமயம் அதே முகத்தோடு உட்கார்ந்திருப்பதாக என் மகள் கேலி செய்வாள்.

அழகுக்காகச் செய்துகொள்ளும் மார்பக அறுவையையும் மன அழுத்தத்தையும் சேர்த்துப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டார்கள். எனக்கு இரண்டும் எப்போதும் சேர்ந்தேதான் வந்திருக்கின்றன. அழகுக் குறிப்பு கேட்க உட்கார்ந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் பேசப்போவது புண் ஆறுவதைப் பற்றி.

ஒரே டாக்டர், ஒரே விதமான அறுவை, கிட்டத்தட்ட ஒரே வயதுப் பெண்கள் இருவர். ஒருவருடைய தையல் பத்து நாளில் காய்ந்து கோடு போல் இருக்கும். இன்னொருவருக்கு மூன்றாவது வாரத்திலும் ஒரு மூலையில் கசிந்துகொண்டிருக்கும். சர்க்கரை நோய், புகை, சத்துக் குறைவு, மரபு என்று காரணம் பல உண்டு. இவையெல்லாம் இல்லாதபோதும் அப்படி நடப்பதுதான் என்னை வெகுநாள் குழப்பியது.

1995ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மறதி நோய் வந்த உறவினரை இரவு பகலாகக் கவனித்துக்கொண்டிருந்த 13 பெண்கள் ஒரு பக்கம். அதே வயதில், அந்தச் சுமை இல்லாத 13 பெண்கள் இன்னொரு பக்கம். எல்லாருடைய கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னதாக ஒரு புண்ணை உண்டாக்கி, அது ஆறும் வரை காத்திருந்தார்கள். சுமை சுமந்த பெண்களுக்கு ஏறக்குறைய ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. அப்புறம் 1998ல் பல் மருத்துவ மாணவர்களிடமும் இதைச் செய்து பார்த்தார்கள். அதே மாணவர், அதே மேலண்ணம். விடுமுறையில் ஒரு புண், தேர்வு நெருங்கும்போது ஒரு புண். தேர்வு சமயத்துப் புண் ஆற 40 சதவீதம் அதிக நாளானது. இத்தனைக்கும் அது வெறும் பரீட்சைக் கவலைதான்.

இது எப்படி நடக்கிறது? புண் ஆறும் வேலை வீக்கத்தோடுதான் தொடங்குகிறது. அடிபட்ட இடம் சிவந்து சூடாகி வீங்குகிறதே, அது கெட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கே துப்புரவுச் செல்கள் வந்து இறங்குகின்றன, குப்பையை அள்ளுகின்றன, அதற்குப் பிறகுதான் புதுத் தோல் கட்டும் செல்களுக்கு வழி கிடைக்கிறது. மனம் ஓயாமல் பதறிக்கொண்டிருந்தால் கார்ட்டிசால் என்ற சுரப்பு கூடுகிறது. அது உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும் ஸ்டீராய்டு. நீண்டகாலம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் புண் மெதுவாகத்தான் ஆறும் என்பது எல்லா டாக்டர்களுக்கும் தெரிந்த விஷயம். கவலையில் இருப்பவர் அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்கே கொடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் தோலில் இருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. தையல் ஓரத்துக்குப் போக வேண்டிய ரத்தம் குறைகிறது. இதற்கு மேல் பதற்றத்தைத் தணிக்க ஒரு சிகரெட்டும் பிடித்தால், நிகோட்டின் மிச்சமிருக்கும் குழாய்களையும் இறுக்கிவிடும். மார்பகத்தைக் குறைக்கும்போதும் தூக்கி நிறுத்தும்போதும் காம்பை இடம் மாற்றி வைக்கிறார்கள். அதற்கு ரத்தம் போகாவிட்டால் அது கறுத்துச் செத்துப்போகும். அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் புகை கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

மார்பக அறுவை என்றதும் எல்லாரும் பெரிதாக்குவதைத்தான் நினைக்கிறார்கள். குறைப்பதற்கும் நிறையப் பேர் வருகிறார்கள். உள்ளாடைப் பட்டை அழுத்தி அழுத்தித் தோளில் விரல் புதையும் அளவுக்குப் பள்ளம் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கழுத்து வலி, முதுகு வலி, மார்புக்குக் கீழே மடிப்பில் ஆறாத வேர்க்குரு. அவர்கள் கட்டுப் பிரிக்க வரும்போதே நிமிர்ந்து நடந்து வருவார்கள். ஆண்களும் வருகிறார்கள். விடலைப் பருவத்தில் பையன்களுக்கு மார்பு திரள்வது சாதாரணம், பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானாக வடிந்துவிடும். அது தெரியாமல் சட்டையைக் கழற்றவே கூசி ஒடுங்கிப்போகும் பிள்ளைகள் உண்டு. பெற்றோர் கவனிக்க வேண்டும்.

பெரிதாக்குவதற்கு வைக்கும் இம்பிளான்ட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. 1962ல் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் டிம்மி ஜீன் லிண்ட்சி என்ற பெண்மணி, ஆறு குழந்தைகளுக்குத் தாய், மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்க மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஃபிராங்க் ஜெரோ, தாமஸ் குரோனின் என்ற இரண்டு டாக்டர்கள் சிலிக்கோன் நிரப்பிய பை ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். அவருக்கு மார்பைப் பற்றி ஒரு குறையும் இல்லை. விடைத்துக்கொண்டிருந்த காதுகள்தான் உறுத்தல். காதையும் சரிசெய்து தருவதாக இருந்தால் சரி என்றார். உலகின் முதல் சிலிக்கோன் இம்பிளான்ட் அப்படி உள்ளே போனது. இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காதுகள்தான் ஞாபகம் வரும். எங்களிடம் வருகிறவர்களிலும் சிலருக்கு உண்மையான உறுத்தல் வேறு எங்கோ இருக்கிறது.

இம்பிளான்ட் ஆயுளுக்கும் வருகிற பொருள் இல்லை. உடம்பு அதைச் சுற்றி ஒரு சவ்வு கட்டிக்கொள்ளும். சிலருக்கு அது இறுகி மார்பைக் கல் போலாக்கிவிடும். சிலிக்கோன் பை உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாமலே போகலாம். ஆகவே வைத்து ஐந்தாறு வருஷத்தில் ஒரு முறை, பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள சில இம்பிளான்ட்டுகளால் அபூர்வமாக ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் வருவது தெரிந்து, 2019ல் ஒரு பெரிய நிறுவனம் அந்த வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. 2021ல், இந்த ஆபத்துகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி நோயாளியிடம் கையெழுத்து வாங்காமல் இம்பிளான்ட் விற்கக் கூடாது என்று அங்கே விதியே போட்டார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். ஆனால் மனம் கொதித்துக்கொண்டிருக்கும்போது இந்தக் காகிதம் கண்ணில் ஏறாது. கையெழுத்துப் போட்ட சிலரிடம் மறுவாரம் கேட்டால் ஒரு வரிகூட ஞாபகமிருக்காது.

எப்படிப்பட்ட நேரத்தில் வருகிறார்கள் என்பதை டாக்டரைவிட எங்களிடம்தான் சொல்வார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் இரண்டு நிமிஷத்தில் கொட்டிவிடுவார்கள். பால் குடி மறந்த பிறகு மார்பு தளர்ந்துவிட்டது, நானே எனக்காக ஆசைப்படுகிறேன் என்று நிதானமாகச் சொல்பவர்கள் உண்டு. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஓடி வருபவர்களும் உண்டு. ஒருவர் என்னிடம், “சிஸ்டர், இதைப் பண்ணிக்கிட்டா அவர் திரும்பி வந்துடுவார்” என்றார். நான் அதை அப்படியே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் அறுவைக்குத் தேதி தராமல் ஆறு மாதம் தள்ளிப் போட்டு, நடுவில் ஓர் ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். அந்தப் பெண்மணிக்கு என் மேல் அவ்வளவு கோபம். காட்டிக்கொடுத்துவிட்டாய் என்றார்.

இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சிறிது வித்தியாசம் இல்லாத மார்பு யாருக்கும் கிடையாது. ஆனால் அந்த வித்தியாசத்தையே நாளெல்லாம் அளந்து, கண்ணாடி முன்னால் மணிக்கணக்கில் நின்று, வேலைக்குப் போவதைக்கூட விட்டுவிடுபவர்கள். இது ஒரு மனநோய். 1891லேயே மோர்செல்லி என்ற இத்தாலிய டாக்டர் இதற்குப் பெயர் வைத்து எழுதியிருக்கிறார். நூறு பேரில் இரண்டு பேருக்காவது இருக்கும் என்கிறார்கள், அழகு அறுவைக்கு வருகிறவர்களிடம் அதைவிட அதிகம். கத்தி இதைக் குணப்படுத்தாது. மார்பைச் சரிசெய்தால் கவலை மூக்குக்குப் போகும். ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து நாடுகளில் செய்த ஆய்வுகளில், அழகுக்காக இம்பிளான்ட் வைத்துக்கொண்ட பெண்களிடையே தற்கொலை மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. அறுவைதான் காரணம் என்று அவை காட்டவில்லை. முன்பே இருந்த வேதனையை யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, முடிவு எடுத்தாகிவிட்டது, நிதானமாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். அடுத்து என்ன? மன அழுத்தத்தைக் குறையுங்கள் என்றதும் கண்ணை மூடி உட்காரச் சொல்கிறோம். அதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. அறுவைக்குப் பிறகு சில வாரம் கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது, கனமானதைத் தூக்கக் கூடாது, குழந்தையைக்கூட இடுப்பில் வைக்கக் கூடாது. ஆகவே மேல் தட்டில் இருக்கும் சாமானையெல்லாம் அறுவைக்கு முந்தின வாரமே இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்துவிடுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை நாலைந்து எடுத்து வையுங்கள். குழந்தையை யார் தூக்குவார், அலுவலகத்தில் என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். பலர் ரகசியமாகச் செய்துகொண்டு, சளிக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நாலாம் நாள் வேலைக்கு ஓடுகிறார்கள். அந்த ரகசியத்தைக் காப்பாற்றும் பதற்றமே போதும் புண்ணைக் கெடுக்க. ஒரே ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.

அப்புறம் மூச்சு. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு மெதுவாக, இழுப்பதைவிட விடுவது நீளமாக. அறுவைக்கு முன்பே பழகிக்கொண்டால் நல்லது, ஏனென்றால் மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருக்கும்போது வலிக்கும் என்று எல்லாரும் மேல்மூச்சுதான் விடுவார்கள். நியூசிலாந்தில் 2012ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பித்தப்பை அறுவைக்கு முன்னால் சிலருக்கு ஒரு முறை தளர்வுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, வீட்டில் கேட்க ஒலிப்பதிவும் கொடுத்தார்கள். அவர்களுடைய புண்ணில், தோலுக்கு உறுதி தரும் கொல்லாஜன் என்ற புரதம் கட்டுவது கூடுதலாக இருந்தது. செலவில்லாத மருந்து. தூக்கத்துக்கு என்று மூலிகை மாத்திரை ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் மட்டும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சில மூலிகைகள் ரத்தம் உறைவதைத் தடுக்கும், சில மயக்க மருந்தோடு மோதும்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஓர் அழுகை வரும். காரணமே இருக்காது. மயக்க மருந்து, வலி மாத்திரை, முதுகைச் சாய்த்தே படுப்பதால் கெட்ட தூக்கம், எல்லாம் சேர்ந்து வரும். கண்ணாடியில் பார்த்தால் மார்பு ஊதா நிறத்தில் கன்றி, கழுத்துக்கருகே ஏறி நிற்பது போல இருக்கும். அது இறங்கி அமர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். தழும்பு வெளுக்க ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். அந்த நாலாம் நாள் மார்பைப் போனில் யாரோ போட்ட இரண்டு வருஷத்து மார்போடு ஒப்பிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு அழுதவர்களை எனக்குத் தெரியும். இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலைமுடி கொத்தாக உதிரவும் கூடும். அதுவும் உடம்பு பட்ட அதிர்ச்சியால் வருவதுதான், பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும்.

இவ்வளவு பேசும் நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன். அறுவையான மறுநாள் ஒரு பெண் போனில், இடது பக்கம் மட்டும் இறுக்குகிறது என்றாள். முன்பிருந்தே எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பெண். டென்ஷன் ஆகாமல் படும்மா என்றேன். ஒரு மணி நேரத்தில் அவளே வந்து நின்றாள், இடது மார்பு வலதைவிட ஒன்றரை மடங்கு. உள்ளே ரத்தம் கட்டியிருந்தது, அன்றைக்கே மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கம், பரவும் சிவப்பு, காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, இவற்றுக்கெல்லாம் மனசு காரணம் என்று யாராவது சொன்னால், அது நானாக இருந்தாலும், கேட்காதீர்கள். உடனே வாருங்கள். புண் ஆறத் தாமதமானால் நீ கவலைப்பட்டதால்தான் என்று அவள் மேலேயே பழி போடவும் கூடாது. அது இன்னொரு சுமை.

என்னிடம் கோபித்துக்கொண்டு போனாரே ஒருவர், அவர் ஒன்றே கால் வருஷம் கழித்து வந்தார். வழக்கு முடிந்திருந்தது. அவர் கணவர் திரும்பி வரவில்லை. இவர் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ஆபத்துகளைச் சொல்லிக் கையெழுத்து வாங்கும் அந்தக் காகிதத்தில் பேனாவால் ஏழெட்டுக் கேள்வி குறித்துக்கொண்டு வந்து டாக்டரை முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார். முதலில் கேட்டதைவிடச் சின்ன அளவாகத் தேர்ந்தெடுத்தார். பத்தாம் நாள் நான்தான் கட்டுப் பிரித்தேன். அவர் கண்ணை மூடவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து தையலைப் பார்த்துவிட்டு, “எப்போ சிஸ்டர் குப்புறப் படுக்கலாம்?” என்று கேட்டார்.

ஆறு வாரம் போகட்டும் என்றேன்.

வணக்கம்.