நிற்க வைத்து எடுத்த படமே நிறைவு

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டு விசேஷத்தில் மனத்துக்கு அதிக நிறைவு தருவது நிற்க வைத்து எடுக்கும் குரூப் போட்டோவா, நமக்குத் தெரியாமல் எடுக்கும் கேண்டிட் படமா? இதுதான் இன்றைய வழக்கு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டுப் போனார். நிற்க வைத்தால் முகம் விறைத்துப்போகிறது. குழந்தைகள் நிற்க மாட்டார்கள். பந்தியில் இலை போட்ட பிறகும் மேடையில் கூட்டம் காத்துக்கிடக்கிறது. மூன்றும் நடக்கிறவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்றுமே நிற்க வைக்கத் தெரியாதவர்கள் செய்கிற கோளாறு. தெரிந்தவர் கையில் என்ன நடக்கும் என்று சொல்ல எனக்கு அனுமதி கொடுங்கள்.

முதலில் விறைப்பு. பழைய வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கும் கறுப்பு வெள்ளைப் படங்களைக் காட்டி, "ஒருத்தர் முகத்திலாவது சிரிப்பு இருக்கிறதா?" என்று தங்கை கேட்டார். சிரிப்பு இல்லாததற்குக் காரணம் இருக்கிறது அம்மா. 1839-இல் டாகேரோடைப் என்ற, வெள்ளி பூசிய தகட்டில் படம் பதிக்கும் முறை வந்த புதிதில், நல்ல வெயிலிலேயே நிமிடக்கணக்கில் அசையாமல் இருந்தால்தான் படம் பதியும். அதற்காகத் தலைக்குப் பின்னால் இரும்புக் கவ்வி வைத்த தாங்கியை நிறுத்தினார்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில், குழந்தை அசையாமல் இருக்க அம்மாவையே துணியால் மூடி நாற்காலிபோல் உட்கார வைத்து, அவர் மடியில் குழந்தையை வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தகடுகளில் படம் வேகமாகப் பதியாது. தகடு போய் ஃபிலிம் வந்த பிறகும், அசையாமல் நிற்கும் பழக்கம் மட்டும் பல காலம் தங்கிவிட்டது. இன்றைக்கு ஒரு நொடியில் 125-இல் ஒரு பங்கு போதும். குற்றம் வரிசையில் இல்லை, நடுவர் அவர்களே.

பிறகு ஏன் இன்றைக்கும் முகம் விறைக்கிறது? "சிரிங்க, சிரிங்க" என்று ஒருவர் எதிரே நின்று கத்துவதால்! பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-இலேயே எழுதிவைத்துவிட்டார்: உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியிருக்கும் தசை உள்ளே மகிழ்ச்சி வந்தால்தான் சுருங்கும். கட்டளை போட்டால் உதடு மட்டும்தான் வரும். விவரம் தெரிந்தவர் கட்டளை போட மாட்டார். அறுபதாம் கல்யாணத் தம்பதியை நடுவில் உட்கார வைத்துவிட்டு, "அம்மா, ஐயாவை முதல்ல எங்கே பார்த்தீங்க?" என்று கேட்பார். அந்த அம்மா வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து அவருடைய தம்பி பதில் சொல்லிவிடுவார். நாற்பது பேரும் ஒரே நொடியில் சிரிப்பார்கள். இன்னொன்றும் உண்டு. "முடிஞ்சது, நன்றி" என்று சொல்லிவிட்டு, அடுத்த இரண்டு நொடிக்கு விரலைப் பட்டனிலிருந்து எடுக்கக் கூடாது. அப்போதுதான் தோள் தளரும், ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்ப்பார்கள். எதிரணியினர் மண்டபம் முழுக்க அலைந்து ஒவ்வொன்றாகத் தேடும் அந்த இயல்பான சிரிப்பு, வரிசைக்குள்ளேயே மொத்தமாகக் கிடைக்கிறது.

இப்போது வேலைக்கு வருகிறேன். நாற்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஜமக்காளத்தில் எட்டுப் பிள்ளைகள். அதற்குப் பின்னால் நாற்காலியில் ஒன்பது பெரியவர்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் பதினொருவர். கடைசி வரிசை பன்னிரண்டு பேர், உறுதியான பெஞ்சின் மேல். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம்; இரண்டு நாற்காலிக்கு நடுவில் இடம் வீணாகி, குடும்பம் இடைவெளி விட்டு உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும். நிற்பவர்கள் நேராக மார்பைக் காட்டி நிற்காமல், நடுவை நோக்கிக் கொஞ்சம் திரும்பி, தோளுக்குப் பின்னால் தோள் வருமாறு நிற்க வேண்டும். முகம் மறைகிறதா என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். ஒரே வாக்கியம் போதும்: "லென்ஸ் உங்க ரெண்டு கண்ணுக்கும் தெரியுதா?" தெரிந்தால் அவர்களும் லென்ஸுக்குத் தெரிகிறார்கள். தெரியாதவர் தானாக நகர்ந்துகொள்வார்.

பெரிய சென்சார் வைத்த ஃபுல் ஃபிரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ், ஆறு மீட்டர் தூரம், லென்ஸ் திறப்பு எஃப் 8; இந்த எண் ஏற ஏறத் திறப்பு சுருங்கும், தெளிவாக விழும் ஆழம் கூடும். ஃபோகஸை நாற்காலியில் இருக்கும் பெரியவர் கண்ணில் வைத்தால் நான்கு வரிசையும் தெளிவாக விழும். கேண்டிட் எடுத்துப் பழகியவர்கள் செய்கிற தவறு என்ன தெரியுமா? பின்னணி மங்க வேண்டும் என்று 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் திறந்துவைத்துப் பழகிய கை, அதே அளவில் குடும்பத்தையும் எடுத்துவிடும். அதே கேமராவோடு நான்கு மீட்டர் தள்ளி நின்றால், அந்த அளவில் தெளிவு இருப்பது ஏறத்தாழ எழுபது செ.மீ. ஆழத்துக்குத்தான். முன்வரிசை பளிச்சென்று இருக்கும், பெஞ்சில் நிற்கும் மருமகன்கள் மங்கிப்போவார்கள். இடம் இல்லை என்று 24 மி.மீ. லென்ஸைப் போட்டு நெருங்கினாலும் வம்பு: ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் உடம்பும் இழுபட்டு அகலமாகும். அந்தப் படத்தைப் பார்க்கும் அத்தை அடுத்த விசேஷத்தில் வரிசைக்கே வர மாட்டார். இடம் போதாவிட்டால் ஆட்களை நெருக்கி இன்னொரு வரிசை சேர்க்க வேண்டுமே தவிர, லென்ஸை அகலமாக்கக் கூடாது.

வெளிச்சத்துக்கு வருவோம். எதிரணியின் வாதம் முழுதாகச் சறுக்குகிற இடம் இது. நம் மண்டப மேடையில் ஊதா, ரோஸ், பச்சை என்று எல்.இ.டி. விளக்குகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஐம்பது சுற்று; ஒரு சுற்றுக்கு இரண்டு மினுக்கல், அதனால் மலிவான விளக்குகள் பல, நொடிக்கு நூறு முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஓடுகிற குழந்தையைக் கேண்டிடாகப் பிடிக்க ஷட்டர் வேகத்தை நொடியில் 500-இல் ஒரு பங்குக்கு ஏற்றினால், படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக விழும். ஒரு பட்டை சரியாக மணப்பெண் நெற்றியில் விழுந்தால் மென்பொருளால் அதை முழுசாக எடுப்பது கடினம். நிற்கிற கூட்டத்துக்கு 100-இல் ஒரு பங்கு போதும். அந்த வேகத்தில் ஒரு மினுக்கல் முழுசாக உள்ளே அடங்கிவிடும், பட்டை வராது. நிற்க வைப்பதால் கிடைக்கிற வசதி இது.

இன்னும் நல்லது, மேடையை விட்டே இறங்கிவிடுவது. மண்டபத்து முகப்பில், வெயில் நேராக விழாத திறந்த நிழலில் நிறுத்தினால் முகம் இயல்பான நிறத்தில் வரும். மரத்தடி ஆகாது, இலைக்கு நடுவே ஒழுகும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாக விழும். சிவப்புப் பந்தல் துணிக்குக் கீழேயும் ஆகாது, நாற்பது முகமும் செக்கச் செவேலென்று ஆகிவிடும். பளிச்சென்ற வேட்டி சட்டையில் பத்துப் பேர் முன்னால் இருந்தால், கேமரா அந்த வெண்மையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முகங்களை இருட்டாக்கிவிடும். அதனால் வெளிச்ச அளவை முகத்தில் எடுக்க வேண்டும், பிறகு வேட்டியின் மடிப்பு தெரிகிறதா என்று ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

"எத்தனை தடவை எடுத்தாலும் ஒருத்தர் கண்ணை மூடிவிடுகிறார்" என்றார் தங்கை. இதற்குக் கணக்கே போட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தைச் சேர்ந்த பியர்ஸ் பார்ன்ஸும் நிக் ஸ்வென்சனும் கண்டு சொன்ன விதி: இருபது பேருக்குக் குறைந்த கூட்டமானால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள், மங்கிய வெளிச்சத்தில் இரண்டால் வகுங்கள், அத்தனை முறை எடுத்தால் எல்லோர் கண்ணும் திறந்த படம் ஒன்றாவது அநேகமாகத் தேறும். பதினெட்டுப் பேருக்கு வெளியே ஆறு, உள்ளே ஒன்பது. 2006-இல் இந்தக் கணக்குக்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். சிரிக்க வைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கும் பரிசுதான், ஆனால் விதி வேலைக்கு உதவுகிறது. நாற்பது பேருக்கு இது பொருந்தாது. அங்கே எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, "மூணு" என்றதும் திறக்கச் சொல்லி, திறந்த உடனே எடுக்க வேண்டும். அப்படியே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து குழந்தைகள். குழந்தை நிற்க மாட்டான், உண்மை. யார் அவனை நிற்கச் சொன்னது? எல்லோரும் தயாரான பிறகு கடைசியாக அவனை உள்ளே கொண்டுவர வேண்டும், எடுத்ததும் முதல் ஆளாக அவனை வெளியே விட வேண்டும். வரிசையில் அவனுக்கு வேலை அரை நிமிடம்தான். அழைப்பவர் ஒருவர் மட்டும் இருக்க வேண்டும், அவரும் கேமராவுக்கு நேர் பின்னால், லென்ஸுக்குச் சற்று மேலே கிலுகிலுப்பையை ஆட்ட வேண்டும். ஐந்து அத்தைகள் ஐந்து திசையிலிருந்து "இங்கே பாரு, இங்கே பாரு" என்றால் அவன் யாரைத்தான் பார்ப்பான்? முதல் பிறந்தநாளுக்குக் கேக் இரவு ஏழரைக்கு வெட்டினாலும், குடும்பப் படத்தை மாலை ஐந்து மணிக்கு, அவன் தூங்கி எழுந்து வயிறு நிறைந்த பிறகு எடுத்துவிட வேண்டும். மொட்டை, காதுகுத்து என்றால் கத்தி படுவதற்கு முன்பே தாய்மாமன் மடியில் வைத்துக் குடும்பத்தைச் சுற்றி நிறுத்திவிட வேண்டும். முடியோடு இருக்கும் கடைசிப் படம் அது. எதிரணியினருக்கு அவன் வீறிட்டு அழும் படம் பிடித்திருக்கிறது. நன்றாக எடுக்கட்டும். ஆனால் அந்தப் படத்தில் தாய்மாமன் மடி மட்டும்தான் இருக்கும், அவனைச் சுமந்து வந்த சனம் இருக்காது.

நேரம் வீணாகிறது என்பது மூன்றாவது குற்றம். பட்டியல் இல்லாமல் எடுத்தால் ஒரு மணி நேரம் ஆகும். முதல் நாளே ஒரு தாளில் எழுதி, எல்லா முகமும் தெரிந்த, குரல் கணீரென்று இருக்கிற ஒரு சித்தப்பாவிடம் கொடுத்துவிட வேண்டும். பெரிய கூட்டத்தை முதலில் எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கிளையாக ஆட்களைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் முதல் பத்து நிமிடத்திலேயே பந்திக்குப் போய்விடலாம். சிறிய குழுவிலிருந்து தொடங்கினால்தான் தாத்தா பசியோடு கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டி வரும்.

நடுவர் அவர்களே, என் வாதத்தின் உயிர் இனிமேல்தான் இருக்கிறது. கேண்டிட் கேமரா அழகைத் தேடிப் போகும். வெளிச்சத்தில் நிற்பவர்கள், சிரிப்பவர்கள், இளையவர்கள், அவர்கள் மேல்தான் அது நிற்கும். கணவனை இழந்தோம், மங்கல காரியம் என்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் தாய் அந்தக் கேமராவில் எப்போது விழுவார்? பந்தி விசாரிக்கும் பெரியப்பா எப்போது விழுவார்? பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் ஒரே சட்டத்துக்குள் எப்படி வருவார்கள்? "எல்லாரும் வாங்க" என்று ஒரு குரல் கூப்பிட்டால்தான் வருவார்கள். அந்தத் தாயைக் கையைப் பிடித்து அழைத்து வந்து நடு நாற்காலியில் உட்கார வைத்து, மணமகனைப் பக்கத்தில் நிறுத்துகிறார்களே, அது நடப்பது குரூப் போட்டோவால். கூப்பிடுவதும், தேடிப் போவதும், "தள்ளி நில்லு, உன் அக்காவுக்கு இடம் விடு" என்று தோளைத் தொடுவதும் விசேஷத்தின் மகிழ்ச்சியே அல்லவா?

படம் எடுப்பவரும் வீட்டு ஆளாக இருந்தால் அவருக்கும் ஓர் இடம் காலியாக விட வேண்டும். ஸ்டாண்டில் கேமராவை வைத்து, பத்து நொடி டைமரில் தொடர்ந்து ஐந்தாறு படம் எடுக்குமாறு அமைத்துவிட்டு ஓடி வந்து நிற்கலாம். கேண்டிட் எடுப்பவர் தன் வீட்டு விசேஷத்திலேயே கடைசிவரை இல்லாமல் போகிறாரே, அதற்கு எதிரணி என்ன பதில் வைத்திருக்கிறது?

தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களில் எடுத்த குடும்பப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் தேடிச் சேகரித்து, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ் டிஜிட்டலாக்கினார்கள். யார் யாருக்கு அருகில் நின்றார், யார் உட்கார்ந்தார், எந்த நகை, எந்தச் சேலைக் கட்டு என்று அந்த வரிசைகள் அத்தனையும் சொல்கின்றன. நம் வீட்டு வரிசையும் சொல்ல வேண்டுமானால் அச்சுப் போட வேண்டும். 12-க்கு 18 அங்குல அச்சில், நாற்பது பேர் படத்தில் ஒரு முகம் ஏறத்தாழ ஒரு செ.மீ. அகலம் வரும், அடையாளம் தெரியும். அதற்கு 3600-க்கு 5400 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிச் சுருங்கிய படத்தை அச்சுக்குக் கொடுக்காதீர்கள், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். கண்ணாடிச் சட்டம் போடும்போது படம் கண்ணாடியைத் தொடாமல் சுற்றி அட்டை வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது முகமே உரிந்துவிடும். இன்னொரு பிரதியின் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் வரிசை வாரியாக, இடமிருந்து வலம், பெயரையும் உறவுமுறையையும் எழுதுங்கள். பால் பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

தூணுக்குப் பின்னால் நிற்பவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைக்கிற படத்துக்கே தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.