பார்த்தது யார் என்று கேளுங்கள்

(அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு கிளை நூலகத்தின் நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வரவேற்றுப் பேசிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நூலகர் தம்பி அவர்களே, மழை தூறினாலும் பந்தலை விட்டு நகராத இளைஞர்களே, பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் அக்காமார்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தலைமையாசிரியர் ஐயாவிடம் படித்த ஆள் இல்லாத வீடு இந்த ஊரில் இருக்காது. இந்த நூலகத்துக்கு இடம் கொடுத்த குடும்பத்தார் முன்வரிசையில் இருக்கிறார்கள். இந்த இடத்தை மனையாகப் போட்டு விற்றிருந்தால் கையில் எவ்வளவு வந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைகளுக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் போர்த்திய பொன்னாடை சின்ன மரியாதைதான். மனதார இன்னொரு முறை வணங்கிக்கொள்கிறேன். ஊராட்சித் தலைவர் அம்மா வேறு ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டியவர், எனக்காக இருக்கிறார். அவரிடம் கேட்க ஒன்று வைத்திருக்கிறேன், கடைசியில் கேட்கிறேன்.

அழைப்பிதழில் ‘அரசியலும் ஊடகமும் நாமும்’ என்று போட்டிருக்கிறார்கள். மூன்று சேதி சொல்ல வந்திருக்கிறேன். ஆட்சியில் இருப்பவர்கள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது ஒன்று. பத்திரிகையும் தொலைக்காட்சியும் யார் கையில் இருக்கின்றன என்பது இரண்டு. கையில் போனை வைத்துக்கொண்டு நாமே செய்தி பரப்புகிறோமே, நமக்கு என்ன பொறுப்பு என்பது மூன்று.

என் அம்மா அடிக்கடி ஒரு பழமொழி சொல்வாள். நான் ஏறிய மேடையில் எல்லாம் அதைச் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்வேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு?

நான் முற்போக்குப் பக்கம் நிற்கிறவன். சாதி ஒழிய வேண்டும், உழைக்கிறவனுக்கு முறையான கூலி வேண்டும், கோயிலிலும் குளத்திலும் எல்லோருக்கும் இடம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதைச் சொல்லி ஓட்டு வாங்கிப் போனவர்கள் மேல் சந்தேகம் உண்டு. நம்மவர் என்றால் கூடுதலாகவே உண்டு. எதிர்க்கட்சிக்காரன் பொய் சொன்னால் கண்டுபிடிக்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள். நம்மவர் பொய் சொன்னால் நாம்தான் கேட்க வேண்டும்.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனது. கூலியை உயர்த்து, சிறையில் இருக்கிற தொழிலாளர்களை விடு என்று கேட்டு, கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போனவர்கள். தடியடி நடந்தது. தாமிரபரணியில் 17 உயிர் போனது. அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. 2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலையை மூடு என்று கேட்டுப் போனவர்கள் மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர். இரண்டு நாளிலும் ஆட்சியில் இருந்த கட்சி வேறு வேறு. முதல் சம்பவத்தில் கத்தியவர்களில் சிலர் இரண்டாவதில் வாய் திறக்கவில்லை, இரண்டாவதில் கத்தியவர்களில் சிலர் முதலாவதைப் பற்றி இன்றைக்கும் பேசுவதில்லை. ஆட்சியைப் பார்த்து அளந்து அழுகிற கண்ணீரை என்னால் ஏற்க முடியாது.

தூத்துக்குடி விவகாரத்தில் அன்றைய முதலமைச்சர், நடந்ததைத் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று சொன்னார். காவல்துறையைத் தம் கையில் வைத்திருந்த முதலமைச்சர்! பிறகு விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அதை ஏற்கவில்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு?

ஊடகத்துக்கு வருகிறேன். தினமணி 1934-இல் தொடங்கியபோது அதன் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம். நம் தென்காசிக்காரர். எழுத்துக்கு மரியாதை இருந்த காலம் என்று அதைச் சொல்வோம். அவரே 1943-இல் முதலாளியோடு ஒத்துப்போக முடியாமல் வெளியேறினார். அவரோடு புதுமைப்பித்தனும் வெளியேறினார். அந்தக் காலத்திலேயே அப்படி என்றால் இன்றைக்குச் சொல்ல வேண்டுமா? செய்தி வாசிக்கிற பிள்ளை மேல் கோபப்பட்டுப் பலனில்லை. அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் போடுகிறவர் யார், அவருக்கு வேறு என்ன தொழில் இருக்கிறது, எந்த அரசாங்கத்தின் விளம்பரம் அவருக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். இதை விரித்துச் சொல்லலாம். அதற்கு முன்னால் ஒரு கதை சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் வெள்ளம். யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்று, நூற்றுக்கணக்கான ஜனங்கள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். எங்கள் தெருவில் கரண்டு போய்விட்டது. எதிர் வீட்டுப் பையன் போனில் மட்டும் கொஞ்சம் சார்ஜ் இருந்தது, டவர் வருவதும் போவதுமாக. ராத்திரி ஒரு குரல் பதிவு வந்தது. “மேல அணை உடைஞ்சிட்டு. இன்னும் ஒரு மணி நேரத்துல தண்ணி வந்துரும். மேட்டுக்கு ஓடுங்க.” அவ்வளவுதான், தெருவே அலறியது. ஒருத்தர் டி.வி.யைத் தலையில் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். ஒரு அக்கா இரண்டு ஆட்டையும் இழுத்துக்கொண்டு, பிள்ளையை மறந்துவிட்டுத் திரும்ப ஓடுகிறது. மாசமாக இருந்த ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கலாமா என்று நாலு பேர் சண்டை.

தெருக்கோடி ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் போகாதவள். பையனைக் கூப்பிட்டாள். “ஏலே, அணை உடைஞ்சதைப் பாத்தது யாரு?”

“மச்சான் அனுப்பிச்சான் ஆச்சி.”

“அவன் எங்க இருக்கான்?”

“திருப்பூர்ல.”

“திருப்பூர்ல இருந்துக்கிட்டு அவன் பாத்தானாக்கும்? அவனுக்கு யாரு சொன்னா?”

“கம்பெனி குரூப்புல வந்துச்சாம்.”

“அப்போ பாத்தவன் ஒருத்தனும் இல்ல. அணைப் பக்கம் விக்கிரமசிங்கபுரத்துல என் மவ இருக்கா. அவளுக்குப் போடு.”

எட்டாவது தடவையோ பத்தாவது தடவையோ லைன் கிடைத்தது. மகள் சொன்னாள்: அணை அப்படியே இருக்கிறது, ஆனால் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள், ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. ஆச்சி எழுந்து நின்று சொன்னாள்: “அணை ஒண்ணும் உடையல. ஆனா தண்ணி வருது. ஆத்தங்கரைத் தெருக்காரவுகளை மட்டும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வாங்க. மத்தவுக வீட்டுல இருங்க. ஏய், டி.வி.யைக் கீழ வைடே!”

ஆற்றங்கரைத் தெருவில் விடிவதற்குள் இடுப்பளவு தண்ணீர். ஒரு உயிர் போகவில்லை. புரளி என்று தள்ளிவிட்டு ஆச்சி தூங்கப் போயிருந்தால் அந்தத் தெரு என்னவாகியிருக்கும்? கேட்டதை அவள் நம்பவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. பார்த்தவரைத் தேடிப் பிடித்தாள். எல்லாரும் திருடர்கள், எல்லாச் சேனலும் பொய் என்று டீக்கடையில் சலித்துக்கொள்கிறோமே, அது சோம்பேறித்தனம். மதி எங்கே போச்சு என்று என் அம்மா கேட்டது அப்படிச் சலித்துக்கொள்கிற நம்மையும் சேர்த்துத்தான்.

சரி, அரசாங்க விஷயத்தில் பார்த்தவரை எங்கே தேடுவது? காகிதத்தில்தான். அந்த வெள்ளத்தில் எங்கள் ஊர் வாய்க்கால் கரை உடைந்தது. மராமத்து முடிந்தது என்று ஒரு மேடையில் சொன்னார்கள். நாங்கள் அடுக்கிய மணல் மூட்டைதான் அப்படியே கிடந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் எஸ்டிமேட்டும், செய்த வேலையை அளந்து எழுதுகிற எம்.புக் நகலும் கேட்டு எழுதினோம். வேலைக்கு உத்தரவே போடவில்லை என்று பதில் வந்தது. அதைக் கிராம சபையில் வாசித்தோம். பிறகுதான் ஜல்லி வந்து இறங்கியது.

இந்தச் சட்டம் சும்மா கிடைத்ததில்லை. ராஜஸ்தானில் கூலி வேலை செய்த ஜனங்கள் வருகைப் பதிவேட்டைக் காட்டு என்று கேட்டு 1996-இல் பியாவரில் 40 நாள் உட்கார்ந்தார்கள். தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு சட்டம் வந்தது, ஓட்டை நிறைந்த சட்டம். நாடு முழுக்க 2005-இல் வந்தது. பத்து ரூபாய், வெள்ளைத்தாள், 30 நாளில் பதில். தனிநபர் தரவுப் பாதுகாப்பு என்ற பெயரில் 2023-இல் கொண்டுவந்த சட்டம் இதன் 8(1)(j) பிரிவைத் திருத்தி, பொதுநலன் கருதித் தனிநபர் விவரத்தைக் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகத்தை எடுத்துவிட்டது. யார் பேரில் பணம் போனது என்று கேட்டால் அது தனிப்பட்ட விவரம் என்று கதவைச் சாத்த இது வழி செய்யும் என்று பயப்படுகிறேன். எத்தனை சேனல் இதை ஒரு மணி நேரம் விவாதித்தது?

மூன்றாவது சேதிக்கு நேரம் இல்லை. தலைவர் அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஊராட்சித் தலைவர் அம்மாவிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அம்மா, ஜனவரி 26 கிராம சபையில் வரவு செலவுக் கணக்கை ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும். ஒரு நகலை இந்த நூலகத்தில், நாளிதழ் போடுகிற மேசையிலேயே வைக்க வேண்டும். நீங்கள் தலையசைத்ததை எல்லோரும் பார்த்தார்கள், நன்றி.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். வெள்ளைத்தாளும் பத்து ரூபாய் கோர்ட் வில்லையும் இருக்கின்றன. முதியோர் உதவித்தொகை நின்றுபோனவர்கள், பட்டா மாறுதலுக்கு அலைகிறவர்கள், தெருவிளக்கு எரியாதவர்கள் வாருங்கள். எழுதத் தெரியாது என்று தயங்க வேண்டாம். கல்லூரியில் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் எழுதித் தருவார்கள். கையெழுத்துப் போட்டதும் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும். நன்றி, வணக்கம்.