மார்பில் குஞ்சம் கட்டிய கால்பந்து அணி: ஒரே சீசன், அப்புறம் ஆளே இல்லை!

(திரையில்: பழுப்பு நிற ஜெர்சி, மெல்ல நெருங்கும் கேமரா)

வணக்கம் நண்பர்களே! இந்த ஜெர்சியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மார்புக்குக் குறுக்கே வரிசையாக ஏதோ தொங்குகிறதே, அது தோல் குஞ்சம். விளம்பரத்துக்காகத் தைத்த சட்டை இல்லை. 1978-இல் ஒரு தொழில்முறை கால்பந்து அணி இதைப் போட்டுக்கொண்டுதான் ஆடியது. அணியின் பெயர் கரிபூஸ் ஆஃப் கொலராடோ.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் என்.ஏ.எஸ்.எல். (வட அமெரிக்கக் கால்பந்து லீக்) என்று ஒரு லீக் இருந்தது. 1975-இல் பெலே நியூயார்க் காஸ்மாஸுக்கு வந்தார், கூட்டம் அள்ளியது. அந்த உற்சாகத்தில் 1978-இல் 18 அணிகளை ஒரேயடியாக 24 ஆக்கினார்கள். புதிதாக வந்தவற்றில் ஒன்றுதான் நம்ம கரிபூஸ். ஊர் கொலராடோ மாநிலத்தின் டென்வர். அவ்வளவுதான் பின்னணி!

இப்போது குஞ்சத்துக்கு வருவோம். அசிங்கமான ஜெர்சிகள் என்று யார் பட்டியல் போட்டாலும் இதை உள்ளே தள்ளிவிடுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அமெரிக்கப் பூர்வகுடிகளின் மான்தோல் சட்டைகளில் இந்தக் குஞ்சம் உண்டு. அவர்களிடமிருந்து மலைக்காட்டு வேட்டைக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். அது வெறும் அலங்காரம் இல்லை. மழையில் நனைந்தால் தண்ணீர் குஞ்சத்தின் வழியே வடிந்து சொட்டிவிடும், தோல் சீக்கிரம் காயும். அவசரத்துக்குக் கயிறு வேண்டுமா? ஒன்றை அறுத்துக் கட்டிக்கொள்ளலாம். எவ்வளவு புத்திசாலித்தனம், பாருங்கள்! ஒரே ஒரு சங்கடம்: கால்பந்தில் பந்தை மார்பில் வாங்கி இறக்குவார்களே, குஞ்சம் தொங்கியது சரியாக அந்த இடத்தில்.

பெயர்க் கதை இன்னும் சுவையானது. கரிபூ என்பது வடக்கே கனடாப் பனிக்காட்டில் திரியும் மான். கொலராடோவில் அது கிடையாது! அப்படியானால் பெயர் எப்படி வந்தது? அணியின் உரிமையாளர்களில் ஒருவர் ஜிம் குவெர்சியோ. 'சிகாகோ' என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் தயாரிப்பாளராக இருந்தவர். மலைமேல் அவருக்கு ஓர் ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது, பெயர் கரிபூ ராஞ்ச். பிரிட்டிஷ் பாடகர் எல்டன் ஜான் அங்கே வந்து பாடல் பதிந்திருக்கிறார். சரி, அந்த இடத்துக்கு ஏன் அந்தப் பெயர்? பக்கத்தில் கரிபூ என்றொரு வெள்ளிச் சுரங்க ஊர் இருந்தது. 1873-இல் அமெரிக்க ஜனாதிபதி கிராண்ட் கொலராடோவின் சென்ட்ரல் சிட்டி என்ற ஊருக்கு வந்தபோது, விடுதி வாசலில் அவர் கால் வைத்து இறங்க வெள்ளிக் கட்டிகளைப் பரப்பினார்கள். அந்த வெள்ளி இந்தச் சுரங்கத்துடையது! சுரங்கத்துக்குப் பெயர் வைத்தவர், அதற்கு முன் கனடாவின் கரிபூ பகுதியில் தங்கம் தேடியவர். ஆக, கனடாவிலிருந்து சுரங்கத்துக்கு, சுரங்கத்திலிருந்து ஸ்டுடியோவுக்கு, ஸ்டுடியோவிலிருந்து கால்பந்துக்கு என்று ஒரு மானின் பெயர் நூறு வருடத்துக்கு மேல் நடந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

(திரையில்: மைல் ஹை ஸ்டேடியம்)

ஆட்டம்? 30 போட்டி, 8 வெற்றி, 22 தோல்வி. சுமார் 75,000 பேர் உட்காரும் மைதானத்தில் சராசரியாக ஏழாயிரம் பேர்போல வந்தார்கள். அந்த லீக்கில் டிராவே கிடையாது. சமனாக முடிந்தால் கூடுதல் நேரம். அதிலும் முடிவு வராவிட்டால், கோலுக்கு 35 கெஜம் தள்ளியிருந்து ஓர் ஆட்டக்காரர் பந்தை உருட்டிக்கொண்டு ஓடி வந்து, 5 நொடிக்குள் கோல்கீப்பரை ஏமாற்றி அடிக்க வேண்டும். இப்போதைய பெனால்டியைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். சண்டைக்கு வருபவர்கள் கமெண்டில் வாருங்கள்!

சீசன் முடிந்ததும் டெட் டர்னர் தரப்பு அணியை வாங்கியது. ஆம், பின்னாளில் சி.என்.என். செய்தித் தொலைக்காட்சியைத் தொடங்கிய அதே டர்னர். அணி அட்லாண்டாவுக்குப் போய் 1979-இல் 'சீஃப்ஸ்' ஆனது. பெயர் போனது, குஞ்சமும் போனது. அந்த சீஃப்ஸும் 1981-ஐத் தாண்டவில்லை. 1985 மார்ச்சில் லீக்கே கடையைக் கட்டியது. அதே மார்ச்சில் கரிபூ ராஞ்ச் ஸ்டுடியோவிலும் தீப்பிடித்தது. அதன்பின் அங்கே ஒலிப்பதிவு நடக்கவில்லை.

இன்று ஒரு கடையில் அந்தக் குஞ்ச ஜெர்சி தொங்கினால் வாங்கிப் போட்டுக்கொள்வீர்களா? நான் கண்டிப்பாகப் போடுவேன். உங்கள் பதிலைக் கீழே எழுதுங்கள்.