வெளி வீதி எத்தனை நாள் வெளியே இருக்கும்?

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், கீழே பைக் நிறுத்த இடம் தேடி அலைந்துவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்த தம்பிகளுக்கும் வணக்கம்.

லண்டனைச் சுற்றி எம்25 என்று ஒரு சாலை இருக்கிறது. நீளம் 188 கிலோமீட்டர். 1986 அக்டோபரில் அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சர் கடைசித் துண்டைத் திறந்துவைத்தார். தூரத்து லாரி தலைநகருக்குள் நுழையாமல் சுற்றிப் போகட்டும் என்பது கணக்கு. சில வருஷத்திலேயே சாலை திணறியது. பெரும்பாலான இடங்களில் மூன்று தடம் நான்காயிற்று. ஹீத்ரோ விமான நிலையத்துப் பக்கம் ஐந்து, ஆறு. வெளியூர்க்காரனுக்குப் போட்ட சாலையில் உள்ளூர்க்காரன் ஏறிவிட்டான், அவ்வளவுதான். புதுச் சாலை புதுப் போக்குவரத்தையும் கூட்டிவரும் என்று 1994-ல் அந்த அரசு அமைத்த குழுவே எழுதிக் கொடுத்தது.

இதில் நாம் லண்டனுக்கு மூத்தவர்கள். நம்ம மதுரை பாண்டியர் தலைநகரம் இல்லையா! கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. அதற்கும் அப்பால் கோட்டை, அகழி. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அங்கே பிறந்ததுதான் வெளி வீதி. இதோடு ஊர் முடிந்தது என்று நினைத்து வைத்த பேர். இன்றைக்கு மேல வெளி வீதியில், ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ரோட்டைக் கடந்து பாருங்கள், தெரியும்.

அப்புறம் நம்ம ரிங் ரோடு. உத்தங்குடியில் தொடங்கி விரகனூர், மண்டேலா நகர் வழியாகக் கப்பலூர் வரை சுமார் 27 கிலோமீட்டர். மாநகராட்சி கடன் வாங்கிப் போட்டு, சுங்கம் வசூலித்தது. வந்த புதிதில் ராத்திரி டிவிஎஸ் 50-ல் போவேன். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். லாரிக்காரர்களுக்கென்று ஓலைக் கூரையில் ஒரே ஒரு டீக்கடை. போன ஆவணியில் பார்த்தால் அந்த இடத்தில் கல்யாண மண்டபம். வாசலில் இரண்டு வரிசையாகக் கார்கள். தாம்பூலப் பையோடு ஒரு பாட்டி சாலையைக் கடக்க, தூத்துக்குடி போகிற கன்டெய்னர் லாரி ஹார்ன் அடித்தபடி நிற்கிறது. அந்தக் கார்களில் ஒன்று என்னுடையது. மொய் எழுதப் போயிருந்தேன்.

சாலை போடுவதில் எனக்குச் சண்டை இல்லை. ஓரத்து நிலத்தில் எங்கெங்கே வாசல் வைக்கலாம், எந்த சர்வீஸ் ரோடு வழியாக ஏறலாம் என்பதைத் தார் ஊற்றுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள் என்கிறேன். மண்டபம் எழும்பிய பிறகு தடுப்பு வைத்தால், ராத்திரியோடு ராத்திரியாக அதில் ஓர் இடைவெளி விழுந்துவிடும். நம் ஊரைப் பற்றி நமக்குத் தெரியாதா?

இப்போது வடக்கே வாடிப்பட்டிக்கும் தாமரைப்பட்டிக்கும் நடுவில் புதுச் சாலை. அந்தப் பக்கம் போனபோது வயலில் வரிசையாகக் கல் நட்டு மஞ்சள் அடித்திருந்தார்கள். குடை பிடித்து நின்றவரிடம், "சென்ட் என்ன விலை? ஊருக்கு ரொம்ப வெளியே இருக்கே?" என்றேன்.

"இப்பத்தாண்ணே வெளிய. அஞ்சு வருசத்துல ஊருக்குள்ள வந்துரும்" என்றார்.